ரூபி டீச்சருக்கு ஒரு அங்குலம் போதும்

மெக்கானிக் தம்பிகளே, போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்க உயரத்தை இறக்க எந்த ஷாக் அப்சார்பர் போடலாம் என்று கேட்டார். செல்போனில் ஒரு படம் காட்டினார். வண்டி பூனை பதுங்குவதுபோலத் தரையோடு கிடந்தது. பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அது கஸ்டமர் பாடு சார்" என்றார்.

அன்று நான் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, சொல்லாமல் விட்டது சரியில்லை என்று பட்டது. இந்த ஒரு வேலையில் நான் செய்த தப்பையும், அந்தத் தப்புக்குமேல் செய்த இன்னொன்றையும் இதுவரை தொழிலில் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் பெருங்களத்தூர் ரயில்வே கேட்டுக்கு மேற்கே, முடிச்சூர் போகிற சாலையில் என் ஷெட் இருந்தது. நான் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவன். வேலை கிடைக்காமல் ஸ்பேனரைப் பிடித்தேன் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மையில் எனக்கு எஞ்சின்கள் பிடிக்கும். ஆனால் பட்டத்தை மறக்கவும் முடியவில்லை. மற்ற ஷெட்காரர்கள் காதால் கேட்டும் கையால் அழுத்திப் பார்த்தும் சொல்வதை, நான் பென்சிலும் காகிதமுமாகக் கணக்குப் போட்டுச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

தேவராஜ் என்று ஒரு வாடிக்கையாளர். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். முடிச்சூரில் வயலைப் பிளாட் போட்ட இடத்தில் சின்னதாக வீடு கட்டியிருந்தார். அவர் மனைவி ரூபி, கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் டீச்சர். சிறு வயதில் வந்த போலியோவில் அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புப் பட்டையும் தோல்வாரும் வைத்த காலிப்பர் போட்டிருப்பார். வலது கையில் ஊன்றுகோல். பஸ் படி அவருக்கு எட்டாது. இரண்டு வருஷம் தேவராஜ்தான் தினமும் அவரைப் பஸ்ஸில் தூக்கி ஏற்றினார், தூக்கி இறக்கினார். ஏறியிருப்பவர்கள் பார்ப்பார்கள். கண்டக்டர் சில நாள் விசில் ஊதிக்கொண்டே இருப்பார்.

பிறகு தேவராஜ் செகண்ட் ஹேண்டில் ஒரு நூறு சிசி வண்டி வாங்கினார். அதன் பின் சீட்டும் டீச்சருக்கு எட்டவில்லை. மறுபடி தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் என்னிடம் வந்தார்.

"ரெண்டு அங்குலம் இறக்கிக் குடுங்க சார். என் கை படாம தானா ஏறணும்னு அவளுக்கு ஆசை."

டீச்சர் அப்போது லீவ் வேகன்சியில், விடுப்பில் போன வேறொருவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக, இருந்தார். அந்த வருஷம் ஒழுங்காக வந்துபோனால் ஜூனில் நிரந்தரமாக்கிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தாராம். இதையும் தேவராஜ்தான் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது டீச்சர் சாலை ஓரத்தில், புங்க மர நிழலில், ஊன்றுகோலில் சாய்ந்து நின்றிருந்தார்.

ஷெட்டுக்குள் லுங்கியை மடித்துக் கட்டியவர்களும் சட்டை இல்லாதவர்களுமாக நாலைந்து ஆண்கள் இருந்தோம். ஒரு பெண்ணை, அதுவும் கால் முடியாத ஒரு டீச்சரை, எங்கள் எல்லார் முன்னாலும் வண்டியில் ஏறி உட்காரச் சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரை அங்கேயே நிற்கவிட்டேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய எடையைக்கூட அவரிடம் கேட்கவில்லை. தேவராஜிடம்தான் கேட்டேன். "அவளா சார்? குருவி மாதிரி" என்றார். நான் நாற்பத்தைந்து என்று எழுதிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் நீளம் குறைந்த ஷாக் என்று தனியாக எதுவும் கிடைக்காது. பழைய வண்டிச் சாமான்கள் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய், இதைவிடச் சின்ன, லேசான ஒரு வண்டியிலிருந்து கழற்றிய ஜோடி ஒன்றை எடுத்துவந்தேன். அளந்தால் சரியாக இரண்டு அங்குலம் குறைவு. மாட்டுகிற துளைகளும் பொருந்தின. ஸ்பிரிங் கொஞ்சம் மென்மைதான். தேவராஜ் உட்கார்ந்ததும் இன்னும் அரை அங்குலம் இறங்கும், டீச்சருக்கு ஏற இன்னும் சுலபம் என்று அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் குப்புசாமியின் லேத் பட்டறை. என் வயதுக்காரர், சிநேகிதர். ஒரு புஷ், சின்ன உலோக வளையம், கடையக் கொடுக்கப் போனபோது அந்த ஷாக்கைக் கையில் வாங்கி, தரையில் ஊன்றி அமுக்கிப் பார்த்தார்.

"இன்னா பட்டதாரி, இது பஞ்சு மாதிரி கீது. பின்னால யார்னா குந்துவாங்களா?"

ஆமாம் என்றேன்.

"குந்த வச்சிப் பாத்தியா?"

கணக்குப் போட்டாகிவிட்டது என்றேன்.

"கணக்கா வந்து குந்தப் போவுது?" என்று சிரித்துவிட்டு புஷ்ஷைக் கடைந்து கொடுத்தார். நானும் சிரித்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியை இறக்கினால் சென்டர் ஸ்டாண்ட் நீளமாகிவிடும், நிறுத்தினால் ஆடும். அதை மறக்காமல் வெட்டி, வெல்டிங் வைத்து, பெயிண்ட்கூட அடித்தேன். யாரும் யோசிக்காததை யோசித்த பெருமையோடு வண்டியைக் கொடுத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அவர்கள் பள்ளியிலிருந்து திரும்பும்போது, ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின்மேல் ஏறிய இடத்தில் வண்டியின் பின்பக்கம் எகிறியது. டீச்சர் பின்னால் சரிந்து விழுந்தார். வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஊன்றுகோல் பிடிக்கிற கை.

மறுநாள் தேவராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையில் நேற்றைய மண் அப்படியே இருந்தது. என்ன ஆச்சு என்று பாருங்கள் சார், நான் மெதுவாகத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன், எனக்கே தெரியவில்லை என்றார். அவரை முன்பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்து அண்ணாந்து பார்த்தேன்.

மட்கார்டின் அடியில், நடுவில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக மினுங்கும் ஒரு தடம். டயர் போய் இடித்து உரசிய தடம். ஒரு தடவை இடித்ததல்ல, பல தடவை.

பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. நான் ஷாக்கை நீட்டி வைத்து மட்டுமே அளந்திருந்தேன். முழுக்க அமுங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று பார்க்கவில்லை. பழைய ஷாக் அமுங்கி நிற்கிற இடத்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருந்தது. இது அந்த இடத்தையும் தாண்டிப் போய் இடித்திருக்கிறது. சின்ன வண்டிக்கான ஸ்பிரிங்கால் இரண்டு பேரைத் தாங்கி நிறுத்தவும் முடியவில்லை.

கையில் வேஸ்ட் துணி இருந்தது. மண்ணெண்ணெய் டின் பக்கத்திலேயே இருந்தது. துடைத்தேன். இரண்டு முறை துடைத்ததும் தடம் போய்விட்டது.

எழுந்து வந்து தேவராஜிடம் சொன்னேன்: "தண்டவாளத்துல வேகமா ஏத்திட்டீங்க போல இருக்கு. பின்னால ஆள் இருக்கும்போது பாத்து விடணும் சார்."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்தால் என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயாராக இருந்தேன். அவர், "ஆமா சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். எதற்கும் பழைய ஷாக்கையே மாட்டித் தருகிறேன், உங்களுக்கு அதுதான் நல்லது என்று, ஏதோ அவருக்காக யோசிக்கிறவன்போலச் சொல்லி, அன்றே மாற்றிவிட்டேன். வண்டி பழைய உயரத்துக்குப் போய்விட்டது.

கழற்றிய ஜோடி மூலையில் கிடந்தது. ஒரு நாள் குப்புசாமி அதை எடுத்துப் பார்த்தார். உள்ளே இருக்கிற ரப்பர் நசுங்கிப் பிதுங்கியிருந்ததைக் கட்டைவிரலால் தடவினார். என்னைப் பார்த்தார். மூலையிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்யாமல் போனதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

ஆறேழு வாரம் கழித்து தேவராஜ் சைக்கிளில் வந்தார். டீச்சருக்கு மாவுக்கட்டு எடுத்தாகிவிட்டதாம். பள்ளியில் இதுவரை பொறுத்துக்கொண்டார்களாம். அடுத்த வாரம் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவார்களாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியானால் நாளையிலிருந்து போகலாமே என்றேன்.

"இல்ல சார், வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். நீங்களே யாராவது ஆள் பாத்து விடுங்க. என் கைய நம்பி அவள ஏத்த எனக்குத் தைரியம் இல்ல. அவ வேலைய விட்டாலும் பரவாயில்ல."

நான் பார்க்கிறேன் என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

தம்பிகளே, இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். நான் சும்மா இருந்தால் போதும். வண்டி வேறு ஒருவரிடம் போய்விடும். தடம் ஏற்கெனவே இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். கார்பரேட்டரைக் கழற்றினால் தேவராஜ் சைக்கிளைத் திருப்பியதுதான் கண்ணில் நின்றது. அவர் மனைவியின் கையை உடைத்தது என் ஸ்பிரிங். ஆனால் அவர் தன் கையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பியிருப்பார்கள் என்று கணக்கிட்டு முடிச்சூருக்குப் போனேன். டீச்சர் முன்னறையில் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த கை வெளுத்து மெலிந்திருந்தது. தேவராஜ் டீ போட உள்ளே போனார். அவர் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நான் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தடம் இருந்ததை, துடைத்ததை, சொன்ன பொய்யை.

அவர் சிலேட்டைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "துடைச்சது தெரியாது. ஆனா வண்டி வந்த மொத நாள்லேர்ந்து, பள்ளம் வந்தா நான் உக்காந்திருக்கிற இடத்துக்குக் கீழ டக்குனு ஒரு தட்டு."

ஏன் தேவராஜிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் தானா ஏறி உக்காந்ததப் பாத்து அவரு அன்னிக்குக் கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. அவருகிட்டப் போய் சத்தம் கேக்குதுன்னு எப்படிச் சொல்றது? உங்ககிட்ட சொல்லியிருப்பேன். நீங்கதான் என்னைக் கூப்பிடவே இல்லியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "என்கிட்ட சொன்னா ஆச்சுன்னு எழுந்து போயிடாதீங்க சார். அவரு வரட்டும். அவருகிட்ட சொல்லுங்க."

தேவராஜ் தட்டில் டம்ளர்களோடு வந்தார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் தட்டைப் பிடித்தபடியே நின்றார். கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நான் மெதுவாதான் போனேனா?"

"மெதுவாத்தான் போனீங்க சார்."

தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். தண்ணீரை வாரி முகத்தில் அடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. டீச்சர் சிலேட்டில் எழுதியதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த தேவராஜ் என்னைப் பார்க்காமல், "டீ ஆறுது சார்" என்றார். மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியை விற்க வேண்டாம், டீச்சரை உட்காரவைத்துப் பார்த்தே சரிசெய்து தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் இருவரும் வண்டியோடு ஷெட்டுக்கு வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. தேவராஜ் முன்னால் உட்கார்ந்தார். நான் டீச்சரை ஏறச் சொன்னேன். பழைய உயரமாதலால் தேவராஜின் தோளைப் பிடித்து எம்பித்தான் ஏற முடிந்தது.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் என் காகிதம் எவ்வளவு பொய் என்று தெரிந்தது. அவருடைய காலிப்பர் முழங்காலில் மடங்காது. பக்கவாட்டில் உட்காரும்போது கால் விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு ஈடுகொடுக்க அவர் உடம்பைப் பின்னால் சாய்த்து, சீட்டின் கடைசி நுனியில், ஏறக்குறைய டெயில் லைட்டின் மேல் உட்கார்ந்தார். சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் போன பாரம். காலிப்பரே மூன்று கிலோ இருக்கும். தோளில் நோட்டுப் புத்தகப் பை, கையில் டிபன் கேரியர். பழைய ஷாக்கே பாதிக்குமேல் அமுங்கியிருந்தது. குருவி என்று எழுதிக்கொண்டவன் நான்.

"ரெண்டு அங்குலம் இறக்கினா மட்கார்டு இடிக்காம இருக்கிறது கஷ்டம் டீச்சர்" என்றேன்.

"ரெண்டு அங்குலம் யாரு கேட்டா?"

தேவராஜைக் காட்டினேன்.

"வீட்ல வாசப்படி இருக்கு, அதுமேல நின்னு ஏறிக்குவேன். ஸ்கூல் வாசல்லதான் ஒண்ணும் இல்ல. அங்க எனக்கு ஒரு அங்குலம் போதும் சார்."

தேவராஜ் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்த குப்புசாமிதான் பேசினார்: "பாத்தியா பட்டதாரி? கணக்கு இன்னிக்குத்தான் வந்து குந்திச்சு." டீச்சர் சிரித்துவிட்டார். எட்டு வாரத்தில் தேவராஜும் அன்றுதான் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு அங்குலத்தில் பாதியைப் பின் சீட்டின் பஞ்சைச் செதுக்கி எடுத்தோம். ஷாக்கில் இறக்கியது அரை அங்குலம்தான். இந்தத் தடவை கனமான வண்டி ஒன்றின் ஜோடியைத் தேடி எடுத்தேன். தடித்த ஸ்பிரிங். ஓடுகிற தூரம் குறைந்துவிட்டால் மிச்சமிருக்கிற தூரத்துக்குள் அதே பாரத்தைத் தாங்கியாக வேண்டும், அதனால் விறைப்பு கூடத்தான் வேண்டும். மாட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாக்கை முழுக்க அமுக்கி, டயர் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். குப்புசாமி உள்ளே வைக்க, ஷாக்குக்கு ஒன்றாகத் தடித்த ரப்பர் கட்டை கடைந்து கொடுத்தார். எவ்வளவு அமுங்கினாலும் பழைய ஷாக் நின்ற இடத்தைத் தாண்டாது. பிறகு இருவரையும், பையும் கேரியருமாக, உட்காரவைத்து மறுபடி அளந்தேன்.

கொடுக்கும்போது தேவராஜிடம் மறைக்காமல் சொன்னேன்: "நீங்க தனியா போனா மரக்கட்டையில உக்காந்த மாதிரி இருக்கும் சார். தூக்கித் தூக்கிப் போடும்."

அவர் வண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நான் தனியா எங்க போகப்போறேன்?"

டீச்சர் அந்த வாரமே பள்ளிக்குப் போனார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கேட் என் ஷெட்டிலிருந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் தேவராஜ் கேட்டுக்கு முன்னால் நிறுத்துவார். தான் மட்டும் இறங்குவார். டீச்சரை உட்காரவைத்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பார். அந்தப் பக்கம் போய் ஏறி ஓட்டுவார். பின்னால் லாரிக்காரர்கள் கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். சாயங்காலமும் அப்படித்தான். மழையிலும் அப்படித்தான். ஷாக்கை நான் மாற்றிவிட்டேன். உண்மையையும் சொல்லிவிட்டேன். ஆனாலும் நான் அவருக்குள் போட்ட பயம் இறங்கவில்லை. பொய்யை ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். அதன் பாரத்தை அந்த மனிதர் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டு போனார். தினம் இரண்டு வேளை அதை நான் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கத்தான் வேண்டும் என்று நினைத்து, அந்த நேரத்தில் எந்த வேலை இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பேன்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு வண்டிக்கும் வேலை விவரம் எழுதுகிற என் ஜாப் கார்டில் கையால் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: பின்னால் உட்காருபவர். அவரை நேரில் பார்க்காமல் எந்த வண்டியின் உயரத்தையும் நான் மாற்றியதில்லை. எத்தனையோ பேர் சலித்துக்கொண்டார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த ஒரு காலை. நான் ஒரு வண்டியை டிரையல் பார்க்க எடுத்துக்கொண்டு போய், மூடிய கேட்டில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் அவர்கள். டீச்சரின் முதுகு தெரிந்தது, வலது கையால் தேவராஜின் தோளைப் பிடித்திருந்தார். டீச்சருக்கு அந்த மாதம் நிரந்தர வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். தேவராஜ் வழக்கம்போல இறங்குவதற்குக் காலைத் தூக்கினார். டீச்சர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவர் தூக்கிய காலை மறுபடி வைத்தார். பிறகு கியர் போட்டு, நடக்கிற வேகத்தில், தண்டவாளத்தில் ஏற்றினார்.

நான் என் எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். முதல் தண்டவாளம். இரண்டாவது. வண்டி அமுங்கியது, எழுந்தது. டக் என்ற சத்தம் வரவில்லை. அவர்கள் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் ஏறிக் கூடுவாஞ்சேரிப் பக்கம் திரும்பும்வரை, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, நான் அங்கேயே நின்றிருந்தேன்.